குறும்படம், ஆவணப்படம், திரில்லர், கலைப்படம்: இந்தப் பெயர்களைக் குழப்பமில்லாமல் எப்படிப் பிரித்து விளங்கிக்கொள்வது?

யாழ்ப்பாணத்தில் குறும்படம் எடுக்கத் தொடங்கியிருக்கிறேன், இந்தப் பெயர்கள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று சிக்குகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். சிக்காமல் என்ன செய்யும்? நாலு பெயரும் நாலு வேறு விசயத்தைச் சொல்கின்றன. குறும்படம் என்பது நீளம். ஆவணப்படம் என்பது அந்தப் படத்துக்கும் உண்மையில் நடந்ததற்கும் உள்ள உறவு. திரில்லர் என்பது பார்ப்பவருக்குள் என்ன நடக்க வேண்டும் என்பது. கலைப்படம் என்பது என்னைக் கேட்டால் ஒரு வகையே இல்லை. ஆகவே ஒரு படம் குறும்படமாகவும் திரில்லராகவும் இருக்கலாம், ஆவணப்படம் இரண்டு மணித்தியாலமும் ஓடலாம்.

நீளத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒஸ்கார்காரர் எழுத்தோட்டத்தையும் சேர்த்து 40 நிமிடத்துக்குள் இருந்தால் குறும்படம் என்கிறார்கள், மற்ற விழாக்கள் தங்கள் கணக்கை விண்ணப்பத்திலேயே போட்டிருக்கும்.

ஆவணப்படம்தான் நிறையப் பேர் பிழையாக விளங்கிவைத்திருப்பது. கமராவை வைத்துவிட்டு நடக்கிறதைப் பிடித்தால் ஆவணப்படம் ஆகிவிடாது. ‘சோங் ஒஃப் சிலோன்’ என்று 1934 இல் பசில் ரைட் எங்கள் தீவில் எடுத்த படம் இருக்கிறது, தயாரித்தவர் ஜோன் கிரியர்சன், காசு கொடுத்தது இலங்கைத் தேயிலையை விளம்பரப்படுத்துகிற சபை. ஆனால் படத்தில் கேட்கிற குரல் தேயிலை விற்கவில்லை. இங்கே சிறைப்பட்டிருந்த ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ் இலங்கையைப் பற்றி எழுதி 1681 இல் வெளிவந்த நூலில் இருந்து வரிகளை எடுத்து, இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டைக் கொண்டு வாசிக்க வைத்திருக்கிறார்கள். 1930களின் காட்சிக்கு மேல் இருநூற்றைம்பது வருசத்துக்கு முந்திய சொற்கள்! எதை எடுப்பது, எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது என்று ஒருவர் தீர்மானித்த பிறகுதான் அது ஆவணப்படம்.

இனி திரில்லர், திகில், குடும்பப்படம் போன்றவை. இதற்கு ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். இரவு. குசினியில் ஓர் அம்மா தனியே இருந்து தேங்காய் துருவுகிறார், வெளியில் படலை திறக்கிற சத்தம். வருகிறவன் யார், கையில் என்ன வைத்திருக்கிறான் என்பதை எங்களுக்குக் காட்டிவிட்டு அம்மாவுக்கு மட்டும் மறைத்தால் அது திரில்லர். திரில்லருக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்கொக் இதை மேசைக்குக் கீழே இருக்கிற குண்டை வைத்து விளக்கியிருக்கிறார்: திடீரென்று வெடித்தால் சில விநாடி அதிர்ச்சி, அவ்வளவுதான், ஆனால் குண்டு இருப்பது எங்களுக்கு முதலே தெரிந்துவிட்டால் மேசையில் இருப்பவர்கள் என்ன கதைத்தாலும் எங்களுக்குப் பதறும். படலை திறந்து கிடக்கிறது, முற்றத்தில் ஒருவரும் இல்லை என்றால் திகில். வெளிநாட்டில் இருந்து சொல்லாமல் கொள்ளாமல் மகன் வந்து நிற்க இசை எழும்பினால் குடும்பப்படம். அம்மா எழும்பிப் போய்ப் படலையைக் கொளுவிவிட்டு வந்து மிச்சத் தேங்காயைத் துருவ, கமரா அவ்வளவையும் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தால் யதார்த்தப் படத்துக்குக் கிட்ட வந்துவிட்டீர்கள்.

ஷொட், சீன் எல்லாம் இதற்குள்ளேயே வந்துவிடும். கமரா ஓடத் தொடங்கியதில் இருந்து வெட்டும் வரை ஒரு ஷொட், ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நடப்பவை சேர்ந்து ஒரு சீன். குசினி, முற்றம், படலை மூன்றும் ஒரே லோங் ஷொட்டில், அதாவது தூரத்தில் இருந்து எடுத்த ஷொட்டில், தெரிந்தால் அந்த அம்மா எவ்வளவு தனியாக இருக்கிறார் என்பது விளங்கும். துருவலையில் கை நிற்பதைக் குளோசப்பில், அதாவது மிகக் கிட்டத்தில், காட்டினால் அவருக்குச் சத்தம் கேட்டுவிட்டது என்பது விளங்கும், வசனம் தேவையில்லை. இங்கே எங்கள் பெடியள் எடுக்கிற குறும்படங்களில் எனக்கு உள்ள மனக்குறை இதுதான், கை சொல்லவேண்டியதை வசனம் சொல்லிவிடுகிறது.

கலைப்படம் என்ற பெயரை மெதுவாகப் போகிற எல்லாவற்றுக்கும் ஒட்டிவிடுகிறோம். சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜா 1977 இல் இங்கே யாழ்ப்பாணத்தில் எடுத்த ‘பொன்மணி’யைத் தேடிப் பாருங்கள். சாதியும் சீதனமும் ஒரு குடும்பத்தை என்ன செய்கின்றன என்று காட்டுகிற படம். அதைக் கலைப்படம் என்று சொல்லி ஒதுக்கிவிட்டால் அது எங்கள் வீடுகளைப் பற்றிப் பேசுகிறது என்பதே மறைந்துபோகும். அதனால்தான் இந்தப் பெயரில் எனக்கு இவ்வளவு கோபம்.

சரி, உங்கள் படத்துக்கு வருவோம். 2015 இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழாவோ வேறு விழாவோ, அனுப்பும்போது முதலில் நீளத்தை எழுதுங்கள், பிறகு புனைவா ஆவணமா என்று எழுதுங்கள், கடைசியாகத் திரில்லர், நகைச்சுவை போன்றதைப் போடுங்கள். அந்தக் கடைசிக் கட்டத்தில் எதை எழுதுவது என்று தெரியாவிட்டால், உங்கள் முக்கியமான சீனில் பார்ப்பவருக்கு எது தெரியும், பாத்திரத்துக்கு எது தெரியாது என்று எழுதிப் பாருங்கள். அதையும் இங்கே போட்டால் நான் வாசித்துப் பதில் எழுதுகிறேன்.