கண்ணாடி ஆர்க்கிட்: கேட்டவர்களுக்குப் பதில்

கண்ணாடி ஆர்க்கிட் என்பது மத்தியதரைக் கடலோரக் காட்டுச்செடியான ஓஃப்ரிஸ் ஸ்பெகுலம். அதன் பூவின் படத்தைப் பார்த்தவர்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை.

சார், படத்தில் வண்டு உட்கார்ந்திருக்கிறது என்றே நினைத்தேன். அது பூவேதானா?

பூவேதான். வண்டின் முதுகாகத் தெரிந்தது அதன் உதட்டிதழ், அதாவது மற்ற இதழ்களிலிருந்து வேறுபட்ட கீழிதழ். ஒன்றரை சென்டிமீட்டர் அளவுதான். நடுவில் பளபளக்கும் நீலம், அதைச் சுற்றி மெல்லிய மஞ்சள் கரை, ஓரமெல்லாம் அடர்ந்த செம்பழுப்பு ரோமம். செடியின் உயரம் 10 முதல் 30 செ.மீ. வரை.

ஏன் இந்த வேஷம்? தேன் எடுக்க வரும் பூச்சிக்காகவா?

இதில் துளித் தேன் கிடையாது. வருவது டாசிஸ்கோலியா சிலியாட்டா என்ற குளவியின் ஆண். வசந்தத்தில் ஆண் குளவிகள் முதலில் வெளிவரும், பெண்கள் பிறகுதான். அந்த இடைவெளியில் பூ விரிகிறது. பெண் குளவியின் வாசனையையே பூவும் உண்டாக்குகிறது என்பதை வேதியியல் ஆய்வு ஒன்று 2003இல் காட்டியது. துணை என்று நம்பி ஆண் வந்து அமரும். இணைய முயலும்போது இரண்டு மகரந்தக் கட்டிகள் அதன் தலையில் பசைபோட்டு ஒட்டிக்கொள்ளும். முதலில் நிமிர்ந்து நிற்கும் அவற்றின் காம்பு சற்று நேரத்தில் முன்பக்கம் வளையும். அடுத்த பூவில் ஏமாறும்போது மகரந்தம் சரியாக, அதை ஏற்கும் பகுதியான சூலகமுடியில் போய்ப் படும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது. இதை முதலில் கவனித்தவர் அல்ஜீரியாவில் நீதிபதியாக இருந்த பூயான். அவர் கண்டது 1916இல் அச்சில் வந்தது.

எங்கே, எப்போது பார்க்கலாம்?

போர்ச்சுகல், தெற்கு ஸ்பெயின், அல்ஜீரியா, சிசிலி, கிரேக்கத் தீவுகள். பெரும்பாலும் மார்ச், ஏப்ரல். சுண்ணாம்புச் சத்துள்ள வறண்ட மண், நல்ல வெயில், குட்டைப் புதர்க்காடு, பழைய ஆலிவ் தோப்பு. புதர் மண்டி நிழல் விழுந்தால் செடி ஒடுங்கிவிடும்.

வாண்டா ஆர்க்கிட் மாதிரி மரத்தில் ஒட்டி வளருமா அண்ணா?

இல்லைம்மா, தரையில்தான். மண்ணுக்குள் இரண்டு கிழங்கு இருக்கும். பழையது பூவுக்குச் சத்தைக் கொடுத்துச் சுருங்க, புதியது அடுத்த ஆண்டுக்காகப் பருக்கும். இலையுதிர் கால மழைக்கு இலை விடும், கோடையில் மேலே ஒன்றும் தெரியாது.

கிழங்கு வாங்கிச் சென்னை மாடித் தோட்டத்தில் வைக்கலாமா?

வேண்டாம். குளிரும் மழையும் சேர்ந்து வந்து, கோடை முழுக்கக் காய்ந்து கிடக்கும் பருவம் அதற்குத் தேவை. சென்னையில் அது அமையாது. விதையிலிருந்து வளர்ப்பதும் எளிதல்ல. தூசி போன்ற அந்த விதையில் உணவுச் சேமிப்பே இல்லை, மண்ணிலுள்ள பூஞ்சைதான் முளைக்கு ஊட்ட வேண்டும். காட்டில் தோண்டி விற்பவர்களிடம் தயவுசெய்து வாங்காதீர்கள். ஆர்க்கிட் இனங்களின் பன்னாட்டு வணிகம், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. துருக்கியில் சலேப் என்ற பானத்துக்காகப் பல காட்டு ஆர்க்கிட்களின் கிழங்குகளைத் தோண்டித் தீர்க்கிறார்கள். வளர்த்தே ஆகவேண்டுமென்றால் நம் வெப்பத்துக்கு ஒத்துப்போகும் வாண்டாவை நர்சரியில் வாங்குங்கள்.