ஓட்டமும் எடைப் பயிற்சியும் ஒரே வாரத்தில்: புதியவர்களின் கேள்விகள்

வாரத்தில் நாலு நாள்தான் நேரம் கிடைக்கிறது. 10 கி.மீ. ஓட ஆசை, ஜிம்மையும் விட மனமில்லை. எப்படிப் பிரிப்பது?

மூன்று நாள் ஓட்டம், இரண்டு நாள் எடை. ஒரு நாள் மட்டும் இரண்டும் சேர்ந்து வரும். செவ்வாய் காலை ஓட்டம், மாலை கால்களுக்கான எடைப் பயிற்சி. வியாழன் 25–30 நிமிடம் மெதுவான ஓட்டம். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் போதும். வெள்ளி எடை, ஆனால் அன்று முதுகு, மார்பு, தோளுக்கே முக்கியத்துவம். காலுக்கு ஒரு செட் (இடையில் நிறுத்தாமல் 8–12 முறை) போதும். ஞாயிறு நீண்ட ஓட்டம். அதை 4 கி.மீ.யில் தொடங்கி வாரம் அரை கி.மீ. கூட்டுங்கள், நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். வேக ஓட்டமெல்லாம் முதல் இரண்டு மாதங்களுக்கு வேண்டாம். அதற்குப் பிறகு சேர்ப்பதென்றால் செவ்வாயில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடினமான இரண்டையும் ஒரே நாளில் வைப்பது பலருக்கு முரணாகத் தெரியும். ஆனால் திங்கள் ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), செவ்வாய் வேக ஓட்டம், புதன் டெட்லிஃப்ட் (இடுப்பை மடக்கிக் குனிந்து எடையைத் தூக்குவது) என்று பரப்பினால் கால்களுக்கு முழு ஓய்வு ஒரு நாள்கூடக் கிடைக்காது. புதியவர்கள் அடிபடுவது பெரும்பாலும் இங்கேதான். திங்கள், புதன், சனி மூன்றும் ஓய்வு நாள்கள், அவற்றைத் தொடாதீர்கள்.

ஒரே நாளில் செய்தால் எது முதலில்?

உங்கள் இலக்கு எதுவோ அது. ஓட்டம்தான் இலக்கு என்றால் ஓட்டம் முதலில், ஆறு மணி நேரமாவது கழித்து எடை. இடைவெளி கிடைக்காதவர்கள் ஓடி முடித்து, ஒரு வாழைப்பழமும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, 10–15 நிமிடம் கழித்து எடையைத் தொடங்கலாம். கனமாக ஸ்குவாட் போட்ட கையோடு ஓடினால் இடுப்புத் தசை சோர்ந்து, முழங்கால் உள்பக்கம் சாயும், பாதம் தரையில் 'தொப் தொப்' என்று விழும். அந்தச் சத்தம் கேட்டால் அன்றைக்கு ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள்.

ஓடினால் ஜிம்மில் ஏற்றிய தசை கரைந்துவிடும் என்கிறார்களே?

இந்தப் பயம் 1980இல் ராபர்ட் ஹிக்சன் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவியது. அதில் இரண்டையும் சேர்த்துச் செய்த குழுவினர் வாரம் ஐந்து நாள் எடை, ஆறு நாள் கடும் தாங்குதிறன் பயிற்சி என்று பத்து வாரம் செய்தார்கள். கடைசி வாரங்களில்தான் பலம் பின்வாங்கியது. மூன்று ஓட்டம், இரண்டு எடை செய்யும் உங்களுக்கு அந்த நிலை வராது. சாப்பாட்டைக் குறைத்தால்தான் தசை போகும். 60 கிலோ எடையுள்ளவர் நாளுக்கு 85–95 கிராம் புரதம் சாப்பிட வேண்டும். சைவம் என்றால் இட்லி, சட்னியோடு நிறுத்தினால் எட்டாது. 50 கிராம் உலர்ந்த மீல் மேக்கரில் சுமார் 25 கிராமும், வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் எட்டொன்பது கிராமும் கிடைக்கும்.

ஸ்குவாட் போட்டு இரண்டு நாளாகியும் படி இறங்க முடியவில்லை.

முதல் தடவை அப்படித்தான் இருக்கும். வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய் இறங்கும். அடுத்த முறை இரண்டே செட் போடுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள்; விட்டு விட்டுச் செய்பவருக்கு ஒவ்வொரு முறையும் இதே வலி திரும்ப வரும். சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, தொடை வீங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஜிம் இல்லை. வீட்டு மாடிப்படியும் இரண்டு டம்பெல்லும்தான்.

தாராளமாகப் போதும். படியேற்றம், ஒற்றைக்கால் டெட்லிஃப்ட், பக்கவாட்டு பிளாங்க் (ஒரு முன்கையை ஊன்றி உடலைப் பக்கவாட்டில் நேராகத் தாங்கி நிற்பது), கெண்டைக்கால் பயிற்சி. ஒவ்வொன்றும் 2–3 செட்; அசையாமல் நிற்கும் பிளாங்க் தவிர மற்றவை 8–12 முறை. இன்னும் இரண்டு மூன்று முறை முடியும் என்று தோன்றும்போதே நிறுத்துங்கள்.

கெண்டைக்காலைத்தான் எல்லோரும் அவசரமாக முடிப்பார்கள். படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, கைப்பிடியைத் தொட்டுக்கொள்ளுங்கள். இரண்டு எண்ணிக்கையில் ஏறி, உச்சியில் ஒரு நொடி நின்று, மூன்று எண்ணிக்கையில் குதிகால் படிக்குக் கீழே போகும்வரை இறங்குங்கள். பாரம் கட்டைவிரலிலும் அடுத்த விரலிலும் இருக்க வேண்டும். சுண்டுவிரல் பக்கம் சரிந்தால் கணுக்கால் மடங்கும். துள்ளினால் வேலையைத் தசைநாரே வில்போல் செய்துவிடும், தசைக்கு ஒன்றும் கிடைக்காது. ஒரு செட் முழங்கால் நேராக, ஒரு செட் லேசாக மடக்கி. மடக்கினால்தான் உள்ளடுக்குத் தசைக்கு வேலை போகும். ஓடும்போது அதிகச் சுமை தாங்குவது அதுதான். எளிதானதும் ஒற்றைக்காலுக்கு மாறுங்கள், பிறகு முதுகுப்பையில் 5 கிலோ அரிசி.

முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்பக்கம் வலிக்கிறது. ஓடலாமா?

ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்து, ஓடத் தொடங்கியதும் குறைந்தால், தூரத்தைப் பாதியாக்கி, கெண்டைக்கால் பயிற்சியைத் தொடருங்கள். ஒரு விரல் நுனியால் 'இங்கேதான்' என்று காட்ட முடிந்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ ஓட்டத்தை அன்றே நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் விழுந்த நுண்விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று திரும்ப ஓடக் கிளம்பாதீர்கள். வலி அதே புள்ளியில் நீடித்தால் எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள்.