ஷார்ட்கட் கீயால் போன ஃபைல்கள்: கேள்வி பதில்

பழைய வண்ணாரப்பேட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். கை தவறி ஷார்ட்கட் கீ அழுத்தி ஃபைலைத் தொலைத்தவர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன். எல்லாமே விண்டோஸ் கம்ப்யூட்டருக்கானவை.

மிண்ட் பகுதி, டிடிபி சென்டர்: அண்ணே, கடைப் பையனுக்கு எதை அழித்தாலும் ஷிப்ட் டெலீட்தான். நேற்று கஸ்டமரின் கல்யாணப் பத்திரிகை டிசைன் போய்விட்டது. 'நிரந்தரமாக அழிக்கவா' என்று கேட்பதைப் படிக்காமலே என்டர் தட்டுகிறான்.

படிக்க மாட்டான். தினமும் வருகிற பெட்டிக்கு விரலே பதில் சொல்லிவிடும். பையனைத் திட்டிப் பயனில்லை, கீயை மாற்றுங்கள். மைக்ரோசாப்டின் பவர்டாய்ஸ் என்கிற சாஃப்ட்வேர் இலவசம். அதில் கீபோர்டு மேனேஜருக்குள் போய், ஷிப்ட் டெலீட்டை வெறும் டெலீட்டாக மாற்றிவிடுங்கள். அப்புறம் அவன் பழக்கதோஷத்தில் அடித்தாலும் ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குத்தான் போகும். பவர்டாய்ஸ் ஓடிக்கொண்டிருந்தால்தான் இது வேலை செய்யும். கம்ப்யூட்டரைப் போட்டதும் தானாகவே தொடங்குகிற மாதிரி வைத்துவிடுங்கள்.

போன டிசைன் ஹார்டு டிஸ்க்கில் இருந்ததா? அப்படியென்றால் அந்த டிரைவில் இனி எதையும் சேவ் செய்யாதீர்கள். மீட்கிற சாஃப்ட்வேரைக்கூட அதில் இறக்கக் கூடாது. அழிந்த ஃபைல் இருந்த இடத்தில் அதுவே போய் உட்கார்ந்துவிடும். வேறு கம்ப்யூட்டரில் ஃபோட்டோரெக் என்கிற மீட்பு சாஃப்ட்வேரை பென் டிரைவில் இறக்கி, அதிலிருந்து ஓட்டுங்கள். மீட்டதையும் வேறு டிரைவிலேயே வையுங்கள். பழைய பெயர் வராது, எண்ணும் எழுத்துமாகத்தான் வரும். ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் சிப்பில் சேமிக்கிற எஸ்எஸ்டியாக இருந்தால் வாய்ப்பு மிகக் குறைவு. அழித்த இடத்தை டிரிம் என்கிற ஏற்பாடு சீக்கிரமே காலி செய்துவிடும்.

காசிமேடு: படகு டீசல் கணக்கு எக்செல்லில் இருக்கிறது. கண்ட்ரோல் ஏ அழுத்தி எல்லாவற்றையும் செலக்ட் செய்து, தெரியாமல் டெலீட்டும் அடித்து, கண்ட்ரோல் எஸ்ஸும் கொடுத்துவிட்டேன் சார்.

ஃபைலை இன்னும் மூடவில்லையே? கண்ட்ரோல் இசட் அடித்துக்கொண்டே போங்கள். சேவ் செய்த பிறகும் அது பின்னால் போகும். மூடிவிட்டால் போகாது. ஒன்டிரைவில் (மைக்ரோசாப்டின் இணையச் சேமிப்பு) வைத்திருந்தால் பழைய வெர்ஷன் கிடைக்கும்.

கணக்கு எழுதுகிற எல்லோருக்கும் ஒன்று. சேவ் அஸ் கொடுக்கும்போது டூல்ஸ், ஜெனரல் ஆப்ஷன்ஸ் என்று போனால் 'எப்போதும் பேக்கப் உருவாக்கு' என்ற டிக் இருக்கும். அதைப் போட்டுவிட்டால் ஒவ்வொரு சேவின்போதும் முந்தைய பிரதி தனி ஃபைலாக நிற்கும். ஆனால் ஒரு படிதான். பதற்றத்தில் இரண்டு தடவை கண்ட்ரோல் எஸ் அடித்தால் அதுவும் காலி.

வியாசர்பாடி, கல்லூரி மாணவர்: வெறும் டெலீட்தான் அடித்தேன். புராஜெக்ட் ரீசைக்கிள் பின்னில் இல்லையே அண்ணா?

பென் டிரைவில் வைத்து வேலை செய்திருப்பாய் தம்பி. அதில் அழித்தால் பொதுவாக ரீசைக்கிள் பின்னுக்கு வராது, நேரே போய்விடும். முதலில் கம்ப்யூட்டருக்கு காப்பி செய், அங்கே வேலை பார், முடிந்ததும் பென் டிரைவுக்கு ஏற்று. கண்ட்ரோல் எக்ஸ் (கட்) வேண்டாம், கண்ட்ரோல் சி (காப்பி) போதும். காப்பியான ஃபைல் ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகு பழையதை அழிக்கலாம்.

பெரம்பூர்: பிரவுசரில் கண்ட்ரோல் டபிள்யூ பட்டு டேப் மூடிக்கொள்கிறது.

கண்ட்ரோல் ஷிப்ட் டி (T) அடியுங்கள், திரும்ப வரும். ஃபார்மில் டைப் செய்தது வரும் என்று நம்ப வேண்டாம். நீளமாக எழுதுவதை நோட்பேடில் எழுதி ஒட்டுங்கள்.

ராயபுரம், ஓய்வு பெற்றவர்: நான் எதையும் அழிக்கவில்லை. பேரன் போட்டோ ஃபோல்டரைக் காணோம்.

அழிந்திருக்காது ஐயா. மவுஸ் இழுபட்டுப் பக்கத்து ஃபோல்டருக்குள் போயிருக்கும். ஃபோல்டர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். இன்னொரு சந்தேகமும் உண்டு: ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் கண்ட்ரோல் டி (D) அழுத்தினாலும் டெலீட் ஆகும், பலருக்கும் இது தெரியாது. ரீசைக்கிள் பின்னையும் ஒரு தடவை பாருங்கள். அடுத்த முறை இப்படி நடந்தால், வேறு எதையும் தொடுவதற்கு முன் கண்ட்ரோல் இசட்.

திருவொற்றியூர்: சாதாரண டெலீட்டுக்கும் கேட்டுவிட்டு அழிக்கிற மாதிரி வைக்க முடியுமா?

முடியும். ரீசைக்கிள் பின் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், அங்கே கடைசியில் ஒரு டிக். கடைக்கு இது உதவாது, காரணம் மேலேயே சொன்னேன். சின்னப் பிள்ளைகள் தட்டுகிற வீட்டுக் கம்ப்யூட்டருக்குச் சரி. அங்கேயும் எழுந்து போகும்போது விண்டோஸ் கீயோடு எல் அழுத்திப் பூட்டிவிட்டுப் போனால் இதைவிட நல்லது.