எழுத்து விரல் வழியே

அன்புள்ள அம்மா,

கொடைக்கானல் மேல்மலையில் ஓர் அரசுப் பள்ளியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளைச் சேர்த்தே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். வீடியோக்களைப் பார்த்து நிறையச் செயல்பாடுகள் செய்கிறோம். 'அ' என்று பெரிதாக வரைந்து அதன்மேல் பருப்பு ஒட்டுகிறோம், பஞ்சு ஒட்டுகிறோம், பெருவிரலைச் சாயத்தில் தொட்டு வைக்கிறோம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் அடுத்த வாரம் அதே 'அ'வைக் காட்டினால் "அணில்" என்கிறார்கள். பெற்றோரோ, "எப்ப டீச்சர் நோட்டுல எழுதுவாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் செய்வதெல்லாம் வீண்தானா? மாண்டிசோரி முறை என்றால் விலை உயர்ந்த பொருட்கள் வேண்டுமாமே?

ஓர் ஆசிரியை, மேல்மலை

அன்புள்ள டீச்சர்,

வீண் இல்லை. ஆனால் பருப்பு ஒட்டுவதை எழுத்துக் கற்பிப்பது என்று எண்ண வேண்டாம். ஒட்டுகிற பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று என்று கை போன போக்கில் ஒட்டும். கோட்டுக்குள் நிரப்புவதுதான் அதன் வேலை. அங்கே இருப்பது 'அ'வானாலும் ஆப்பிளானாலும் அதற்கு ஒன்றுதான். விரல் வலுப்பட இது நல்லது, அதற்காகச் செய்யுங்கள். எழுத்து மனதில் தங்க வேண்டுமென்றால், அதை எழுதும் திசையிலேயே விரல் நகர வேண்டும். அதே நொடியில் வாய் அதன் ஒலியைச் சொல்ல வேண்டும். எந்தப் புதுச் செயல்பாட்டைப் பார்த்தாலும் இந்த இரண்டும் அதில் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

அந்த முறையை உருவாக்கிய இத்தாலிய மருத்துவர் மாண்டிசோரி அம்மையார் உங்கள் மலைக்காரர்தான் என்று சொல்லலாம். 1939-இல் இந்தியா வந்து அடையாறில் தங்கியவர், போர்க்காலத்தில் 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில்தான் வாழ்ந்தார், பிள்ளைகளுக்குப் பள்ளியும் நடத்தினார். 1907-இல் ரோமில், ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் எழுத்துக்காகச் செய்த பொருள் விலை உயர்ந்ததே அல்ல. தச்சர்கள் மரம் இழைக்கும் உப்புத்தாள். அதில் எழுத்தை வெட்டி, வழவழப்பான அட்டையில் ஒட்டியிருந்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து அதன்மேல் போகும், வாய் ஒலியைச் சொல்லும். விரல் பாதை தவறி அட்டைக்கு வந்தால் வழுக்கும். தவறு என்று நாம் சொல்ல வேண்டியதே இல்லை. கொடைக்கானல் கடைத்தெரு ஹார்டுவேர் கடையில் நைசான தாளாகக் கேட்டு வாங்குங்கள், சொரசொரப்பு அதிகமானால் பிஞ்சு விரல் எரியும். எழுத்து பிள்ளையின் உள்ளங்கை அளவுக்காவது இருக்கட்டும். தொடங்கும் இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி வையுங்கள்.

மணலோ நம்முடையது. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில்தான் விரலால் எழுதிப் பழகினார்கள். சென்னை எழும்பூர் அனாதைப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் அதைக் கண்டு தன் பள்ளியில் கொண்டுவந்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி எழுதியும் வெளியிட்டார். மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அவருடைய 'மெட்ராஸ் முறை'யோடு சேர்ந்து மணல் எழுத்தும் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. நம் குழந்தைகள் அதே மணலைத் தொடாமல், கோடு போட்ட நோட்டில் நேராகப் போய் விழுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உங்கள் ஊரில் மணலுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் மணல் கட்டியாகிவிடும், பொடியுப்பு நீர்விட்டுவிடும், ரவையில் பூசணம் வரும். மணலைச் சலித்து, கடலை வறுக்கிற மாதிரி இரும்புச் சட்டியில் வறுத்து, ஆறியதும் மூடி போட்ட டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் தட்டில் மெல்லிசாகப் பரப்பினால் போதும், எழுதியது அடியில் பளிச்சென்று தெரியும்.

குளிரையும் கணக்கில் எடுங்கள். காலை ஒன்பது மணிக்கு விரல் விறைத்திருக்கும், ஸ்வெட்டர் கை பாதி உள்ளங்கையை மூடியிருக்கும். முதலில் ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டு, உடம்பு முழுவதும் அசைகிற வேலையாகக் கொடுங்கள். தரையில் சாக்பீஸால் ஆளுயரத்துக்கு ஒரு 'ப' போட்டு, தொடங்கும் இடத்தில் ஒரு கல்லை வையுங்கள். "ப... ப..." என்று சொல்லிக்கொண்டே அதன்மேல் நடக்கட்டும். பிறகு கொழுக்கட்டை மாவைப் பிசைந்து திரிபோல் உருட்டி அதே எழுத்தை வளைக்கட்டும். அதன்பின் உப்புத்தாள். பட்டர் பீன்ஸ் உரிப்பதும் பூண்டைப் பல் பல்லாகப் பிரிப்பதும் உங்கள் பிள்ளைகள் வீட்டில் தினமும் பார்க்கிற வேலை. பென்சில் பிடிக்கும் மூன்று விரலுக்கு அதைவிட நல்ல பயிற்சி கடையில் கிடைக்காது.

ஏன் 'ப' என்று கேட்பீர்கள். பாட்டாகச் சொல்லும்போது அ, ஆ, இ, ஈ என்ற வரிசை இருக்கட்டும், அது காதுக்கு. எழுதுவதற்கு 'அ' கடினமானது. சுழி, வளைவு, நேர்கோடு மூன்றும் ஒரே எழுத்தில் வந்துவிடுகின்றன. 'இ' அதைவிடக் கடினம். 'ட'வில் தொடங்கினால் இறங்கி வலப்பக்கம் போனால் முடிந்தது. அதையே மேலே ஏற்றினால் 'ப'. ஏற்றியதை உள்பக்கம் வளைத்து இறக்கினால் 'ம'. மேலே ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினால் 'ட்', 'ம்'. இந்த மூன்று எழுத்தையும் பொட்டையும் வைத்துக்கொண்டு படம், பட்டம், மடம், மட்டம் என்று பிள்ளை தானே அட்டைகளை அடுக்கிப் படித்துவிடும். அந்த முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும் டீச்சர். தமிழில் 247 எழுத்து என்று பெற்றோரைப் பயமுறுத்த வேண்டியதில்லை. உயிரும் மெய்யும் ஆய்தமும் 31. மிச்சம் பெரும்பாலும் இவற்றோடு துணைக்குறி சேர்வதுதான். 'ா'வைத் தனி அட்டையாக வெட்டி எந்த எழுத்தோடும் வைத்துப் பார்க்கலாம். கு, டு, மு என்று ஆளுக்கொரு விதமாக மாறும் வரிசையை ஒன்றாம் வகுப்புக்கு விட்டுவிடுங்கள்.

"அணில்" என்று சொல்வதற்குக் காரணம் அட்டையில் படமும் எழுத்தும் சேர்ந்தே இருப்பது. படம் இருக்கும்போது எழுத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் பிள்ளைக்கு இல்லை. இரண்டையும் தனித்தனி அட்டையாக்குங்கள். இன்னொன்று, முதலெழுத்துக்குப் படம் என்பது ஆங்கில அட்டைகளைப் பார்த்து நாம் எடுத்துக்கொண்ட பழக்கம். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. அதனால்தான் 'ட'வுக்கு டமாரத்தையும் 'ர'வுக்கு ரயிலையும் தேடி அலைகிறோம். கடைசி ஒலியைப் பிடித்து விளையாடச் சொல்லுங்கள். "'ல்'லில் முடிகிற பொருளைத் தொடு" என்றால் கல், பல், கால், கட்டில் என்று பிள்ளைகள் வகுப்பெங்கும் ஓடுவார்கள். மரம், படம், பழம் என்று 'ம்'முக்குச் சொல்லி முடியாது.

அடுத்த வாரம் மறந்துபோகாமல் இருக்கவும் ஒரு வழி உண்டு. செகின் என்ற பிரெஞ்சு மருத்துவரிடமிருந்து மாண்டிசோரி எடுத்துக்கொண்டது. முதலில் "இது ப, இது ம" என்று நாம் சொல்கிறோம். பிறகு, "எது ம? அதை ஜன்னலில் வை. எது ப? அதை என்னிடம் கொடு" என்று விளையாட்டாகக் கேட்கிறோம். இந்த நடுப்படியில்தான் வெகுநேரம் இருக்க வேண்டும். "இது என்ன?" என்பது கடைசி. நாம் பெரும்பாலும் முதல் படியிலிருந்து மூன்றாவதற்குத் தாவிவிடுகிறோம். ஒரு நேரத்தில் இரண்டு மூன்று எழுத்து போதும். ல, ள இரண்டையும் ஒரே நாளில் வைக்க வேண்டாம்.

பொருள் சேகரிக்கும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. குன்றிமணி அழகாக இருக்கிறது என்று வகுப்புக்குள் கொண்டுவராதீர்கள், அது கடும் நஞ்சு. ஆமணக்கு விதையும் அப்படியே. சாலையோரம் தலைகீழாகத் தொங்கும் பெரிய ஊமத்தை போன்ற வெள்ளைப் பூ உங்கள் பக்கம் நிறைய உண்டு, அதையும் பிள்ளைகள் தொட வேண்டாம். பட்டாணி, காப்பிக்கொட்டை போன்ற சின்னப் பொருட்கள் மூக்கிலும் காதிலும் போகும். அவற்றை உங்கள் கண்முன்னால் மட்டும் கொடுங்கள்.

பெற்றோரிடம் வாதாட வேண்டாம். ஒருநாள் வரச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு உப்புத்தாள் எழுத்தைத் தடவி என்னவென்று சொல்லச் சொல்லுங்கள். (தாத்தா பாட்டி வந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, துதிக்கை போட்ட 'லை'யை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைகள் வாய்பிளந்து பார்ப்பார்கள்.) மூன்று நான்கு வயதில் மணிக்கட்டு எலும்புகள் முழுதாக உருவாகியிருக்காது என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். எல்.கே.ஜி.க்குக் கோடு போடாத நோட்டு கொடுங்கள். நிற்கும் கோடு, படுத்த கோடு, வளைவு என்று பிள்ளை அதில் வரையட்டும். யு.கே.ஜி.யில் பாதி வருடம் போனபின் எழுத்து எழுதலாம். பக்கம் முழுக்க ஒரே எழுத்தை நிரப்பி வரச் சொல்லும் வீட்டுப்பாடம் மட்டும் வேண்டாம். நான்கு 'ப' எழுதி, அதில் எது நன்றாக வந்திருக்கிறது என்று பிள்ளையே வட்டம் போட்டுக் காட்டட்டும்.

அன்புடன்