ஆயா பார்த்த களை

கேள்வி: எனக்கு 27 வயது. சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம், வேலை சென்னையில், ஆடிட்டர் ஆபீஸில். கோயில் (எங்கள் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் குலப்பிரிவு), வட்டகை (ஊர்த் தொகுதி) என்று வீட்டில் பார்த்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்துவிட்டு, கூட வேலை பார்ப்பவரை நானே முடிவு செய்தேன். அவர் வேறு ஊர், வேறு சாதி. அப்பச்சி (அப்பா) இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது இறங்கி வந்துவிட்டார். சிக்கல் அதுவல்ல. திண்ணையில் வெளிச்சத்துக்கு நேரே போனைப் பிடித்து என்னவர் போட்டோவைப் பார்த்த ஆயா (பாட்டி), "இவனுக்கு நம்ம வீட்டு முகக்களையில்ல இருக்கு" என்றார். அன்றிலிருந்து உறுத்துகிறது. இருவரும் சி.ஏ., இருவர் அப்பாவும் கடைக்காரர்கள், இருவருக்கும் செலவு செய்யக் கை வராது, கோபம் வந்தால் இருவருமே நாலு நாள் பேசமாட்டோம். 'அண்ணன் தங்கச்சி' என்று தோழிகள் கிண்டலடிக்கிறார்கள். நான் தேடிப் பிடித்தது என்னையேதானா? சலித்துப் போய்விடாதா?

– பெயர் வேண்டாம்

பதில்: உங்கள் ஆயாவுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது.

இது உங்களுக்கு மட்டும் வந்த கோளாறு இல்லை அம்மா. கார்ல் பியர்சன் என்ற இங்கிலாந்துக் கணித அறிஞர் 1903-லேயே கணவன் மனைவி உயரங்களை ஒப்பிட்டு, நெட்டைக்கு நெட்டை வாய்ப்பது தற்செயலைவிடக் கூடுதல்தான் என்று காட்டினார். அந்த வருடம் தொடங்கி வந்த 199 ஆய்வுகளை அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தினர் 2023-ல் ஒன்றாகத் தொகுத்தார்கள். படிப்பு, மத நம்பிக்கை, அரசியல், குடி, சிகரெட் ஆகியவற்றில் ஜோடிகள் நன்றாகவே ஒத்துப்போகிறார்கள். துருவங்கள் ஈர்க்கும் என்பதெல்லாம் சினிமாவுக்குச் சரி.

ஏன் அப்படி? மனசு தேடுவதும் உண்டு, நம்மைப் போல யோசிப்பவரோடு பேசுவது சுலபம். ஆனால் மனசுக்கு முன்னாலேயே இடம் பாதி வேலையை முடித்துவிடுகிறது. பிலடெல்பியாவில் 5,000 கல்யாண உரிமங்களைப் புரட்டி, மூன்றில் ஒரு ஜோடி ஐந்து தெருவுக்குள் குடியிருந்தவர்கள் என்று ஒருவர் 1932-ல் எழுதினார். உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். சி.ஏ. முடிக்க எத்தனை வருடம்! அதுவரை பிள்ளையின் சம்பளத்துக்குக் காத்திருக்கத் தெம்புள்ள வீடு, கணக்கு பழகிய குடும்பம், அரியர் விழுந்தாலும் விடாத பிடிவாதம், இத்தனையும் இருப்பவர்தான் உங்கள் பக்கத்து நாற்காலிக்கு வந்து சேர்கிறார். அப்பச்சியின் சல்லடையைத் தூக்கி எறிந்தீர்கள், சரி. பரீட்சையும் ஒரு சல்லடைதானே?

அண்ணன் தங்கச்சிக் கிண்டலைத் தள்ளுங்கள். ஒன்றாக வளர்ந்தவர்கள்மீது அந்த மாதிரி ஆசை வராது என்று வெஸ்டர்மார்க் என்ற பின்லாந்துக்காரர் 1891-லேயே எழுதினார். பிறகு இஸ்ரேலின் கூட்டுப்பண்ணைகளில் ஒரே குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர்களைப் பார்த்தபோது, அவர்கள் தங்களுக்குள் கட்டிக்கொள்வது மிக மிக அரிதாக இருந்தது. நம் பக்கத்திலும் கணக்கு அதேதான். பெண் எடுப்பது நகரத்தாருக்குள். ஆனால் இரணியூர்க் கோயிலாருக்கும் பிள்ளையார்பட்டிக் கோயிலாருக்கும் நடுவே கொடுக்கல் வாங்கல் கிடையாது, பங்காளிகள். அயித்தை மகன் முறைதான், ஆனால் அவன் வேறு வீட்டில் வளர்ந்தவன். ஒரே வீட்டு வளவில் கூட ஓடி விளையாடியவன் சித்தப்பா மகன். உங்களவர் வேலைக்கு வந்த பிறகு கண்ணில் பட்டவர், பயமில்லை.

ஆயா சொன்ன முகக்களையும் கற்பனை இல்லை. வாழ வாழ ஜோடிகளுக்கு ஒரே முகம் வந்துவிடும் என்று முன்பு சொன்னார்கள். 2020-ல் ஸ்டான்ஃபோர்டில் 500-க்கு மேற்பட்ட ஜோடிகளின் பழைய, புதிய படங்களை வைத்துப் பார்த்தபோது, வருடம் ஏற ஏற ஜாடை கூடவில்லை. ஆரம்பத்திலேயே கொஞ்சம் இருந்திருக்கிறது.

சலிப்பா? அதற்கு வழியே இல்லை. முதலில் சொன்ன கொலராடோ தொகுப்பில் ஜோடிகள் ஒத்துப்போகாத இடம் சுபாவம். கலகலப்பாகப் பேசுபவருக்குக் கலகலப்பானவர்தான் அமைவார் என்பதற்கு அநேகமாக ஆதாரமே இல்லை. கல்யாணமான ஆறாம் மாதம் 'இவரா இப்படி' என்று எனக்கு வேண்டுமானால் இன்னொரு கடிதம் போடுவீர்கள்.

எனக்கு உறுத்தியது வேறு. கோபம் வந்தால் நாலு நாள் பேசமாட்டோம் என்ற அந்தக் கடைசி ஒற்றுமையைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். என் அம்மானும் (தாய்மாமன்) அவர் மனைவியும் எதையும் வீசமாட்டார்கள், இருவருமே. வீட்டின் ரெண்டாம் கட்டுப் பகுதியில் இரண்டு அறை நிறைய விளிம்பு உதிர்ந்த மங்கு (பீங்கான்) சாமான், பார்சலில் வந்த சணல் கயிறு, உருண்டை உருண்டையாய். ஒருவராவது வீசுகிற ஆளாக இருந்திருந்தால் சண்டை வந்திருக்கும், அறையும் காலியாகியிருக்கும். அங்கே சண்டையும் இல்லை, கால் வைக்க இடமும் இல்லை. ஒரே குறை இருவருக்கும் இருந்தால் தடுக்க ஆளில்லை. சாமான் என்றால் பரவாயில்லை, கதவைச் சாத்திக்கொள்ளலாம். நாலு நாள் மௌனத்தை எந்த அறையில் வைப்பீர்கள்? ஒருவர் மௌனமானால் மற்றவர் போய்ப் பேசுவார் என்பது மற்ற வீடுகளில். உங்கள் வீட்டில் நாலு எட்டாகும்.

பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிப்பதற்கு முன்னால் நீங்கள் இருவரும் இதைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். எந்தச் சண்டையானாலும் அன்று ராத்திரிக்குள் ஒருவர் வாய் திறக்க வேண்டும். யார் என்று தகராறு வந்தால், கணக்குப் பிள்ளைகள்தானே: ஒற்றைப்படைத் தேதியில் நீங்கள், இரட்டைப்படையில் அவர்.