எத்திக்ஸ் தாளும் உலக அரசியலும்: தமிழில் மெயின்ஸ் எழுதும் மகளுக்காகக் கேட்ட தந்தைக்கு

ஐயா, யுபிஎஸ்சி மெயின்ஸ் (ஐஏஎஸ் போன்ற பணிகளுக்கான முதன்மைத் தேர்வு) எழுதும் உங்கள் மகள் எத்திக்ஸ் (அறவியல்) தாளை, அதிலும் பன்னாட்டு உறவுப் பகுதியை, எப்படிப் படிப்பது என்று கேட்டிருந்தீர்கள். இந்தத் தாளை "நல்லதை எழுதினால் மார்க் வரும்" என்று நினைத்துக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவைப்பவர்கள்தான் அதிகம். உங்கள் மகள் அப்படித் தள்ள வேண்டாம். யுபிஎஸ்சி மெயின்ஸில் 2013 முதல் இருக்கும் இந்த ஜிஎஸ் (பொதுப்பாடம்) 4-ஆம் தாளுக்கு 250 மதிப்பெண். அண்மை ஆண்டுகளின் அமைப்பு இதுதான்: முதல் பகுதியில் 10 மதிப்பெண் கேள்விகள் 13, இரண்டாவதில் 20 மதிப்பெண் கேஸ் ஸ்டடிகள் (ஒரு சிக்கலான சூழலைத் தந்து என்ன செய்வீர்கள் என்று கேட்பவை) 6. மூன்று மணி நேரத்தில் ஏறக்குறைய 3,450 சொற்கள் எழுத வேண்டும். சின்னக் கேள்விக்கு 8 நிமிடம், கேஸ் ஸ்டடிக்கு 12 நிமிடம் என்று பிரித்தால் மிஞ்சுவது 4 நிமிடம்தான். அதனால் படிப்பதில் பாதி நேரமாவது எழுதிப் பார்ப்பதில் போகட்டும்.

விடையைத் தமிழில் எழுதலாம். ஆனால் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். நீளமான கேஸ் ஸ்டடியை ஆங்கிலத்தில் வேகமாக வாசித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் வேண்டும். பழைய கேள்விகளை மூல ஆங்கிலத்திலேயே வைத்துப் பயிற்சி செய்யச் சொல்லுங்கள். கலைச்சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆங்கிலச் சொல்லைத் தரவும் அனுமதி உண்டு.

நீங்கள் கவலைப்படுவது பாடத்திட்டத்தில் உள்ள "பன்னாட்டு உறவுகளில் அறச் சிக்கல்கள்" பகுதியைப் பற்றி. இதற்குத் தடித்த புத்தகம் தேவையில்லை. நாலைந்து நிகழ்வுகளை ஆழமாகத் தெரிந்துகொண்டால் போதும். கொரோனா தடுப்பூசி விவகாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2020 அக்டோபரில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் கொரோனா மருந்து, தடுப்பூசிகளுக்கான காப்புரிமைகளைத் தற்காலிகமாக விலக்கும்படி உலக வணிக அமைப்பில் கேட்டன. பணக்கார நாடுகள் பல எதிர்த்தன. 2022 ஜூனில் கிடைத்தது கேட்டதில் ஒரு பகுதிதான்: வளரும் நாடுகளுக்கு, தடுப்பூசிக் காப்புரிமையில் மட்டும், ஐந்தாண்டுத் தளர்வு. பெரும்பாலான மாணவர்கள் இதோடு நிறுத்தி, இந்தியாவைப் பாராட்டி முடித்துவிடுகிறார்கள்.

கதையின் மறுபாதியில்தான் அறக்கேள்வி இருக்கிறது. 2021-இல் இரண்டாம் அலை வந்தபோது இந்தியா தடுப்பூசி ஏற்றுமதியை நிறுத்தியது. ஏழை நாடுகளுக்கும் தடுப்பூசி கிடைக்கச் செய்வதற்கான பன்னாட்டுத் திட்டமான கோவாக்ஸ் பெரிதும் நம்பியிருந்தது இங்கே தயாரான ஊசியைத்தான். ஆப்பிரிக்க நாடுகள் பல தவித்தன. சொந்தக் குடிமக்களுக்கான கடமையா, கொடுத்த வாக்கா? இரண்டையும் ஒரே விடையில் வைத்து, அந்த நேரத்தில் எது முன்னால் நிற்கும், ஏன் என்று சொல்லி, ஏற்றுமதியை எப்போது, எந்த வரிசையில் மீண்டும் தொடங்குவது என்பதையும் எழுதினால் விடைக்கு எடை கூடும். தேசப்பற்றைக் காட்டுவதற்கான இடம் இதுவல்ல.

கேஸ் ஸ்டடியில் மதிப்பெண் போவது வேறு இடத்தில். "மேலதிகாரிக்குத் தெரிவிப்பேன்" என்று எழுதி நிறுத்துவது, அல்லது உடனே ராஜினாமா செய்வது. வெளிநாட்டு ஒப்பந்தத்துக்காக லஞ்சம் கேட்கப்படுகிறது என்று வந்தால் முதலில் ஆவணத்தைப் பத்திரப்படுத்த வேண்டும், பிறகு எழுத்தில் மறுக்க வேண்டும், அதன் பிறகே புகார். ஒப்பந்தம் கைநழுவினால் வேலை இழப்பவர்களுக்கு என்ன வழி என்பதற்கும் இரண்டு வரி தேவை. பலர் விட்டுவிடுவது அந்த இரண்டு வரியைத்தான். மேற்கோள் ஒன்று போதும். விடைக்கு விடை காந்தியை இழுத்துவந்தால் திருத்துபவருக்கே சலித்துவிடும்.

தேர்வு கைகூடாமல் போனாலும் இந்தப் படிப்பு வீணாகாது. புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்திலும் தில்லி ஜேஎன்யுவிலும் (ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) பன்னாட்டு உறவு சார்ந்த முதுகலைப் படிப்பு இருக்கிறது. இரண்டுக்கும் க்யூட் முதுகலை நுழைவுத்தேர்வு வழி. மெயின்ஸ் முடிவுக்குக் காத்திருக்காமல் அந்த விண்ணப்பத்தையும் போட்டுவைக்கச் சொல்லுங்கள்.