அப்பாவின் கழுத்து ரத்தக்குழாயும் மகளின் படிப்பும்

போன வாரம் ஓர் அம்மா, மகளை என்ன படிக்க வைக்கலாம் என்று யோசனை கேட்டு, அவளோடு என்னிடம் வந்திருந்தார். கணவருக்கு லேசான பக்கவாதம் வந்து தேறியிருக்கிறார். கழுத்தில் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியில் அடைப்பு. "வீட்டுக்கு ஒரு டாக்டர் வேண்டும், வீட்டை அடமானம் வைத்தாவது மருத்துவம் படிக்க வை" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்களாம். அழுதுகொண்டே சொன்னார். கொஞ்சம் தேற்றினேன். அப்புறம் மகளிடம் பேசினேன்.

அவள் கேட்டது ஒரே கேள்வி: "அடைப்பு எத்தனை சதவீதம் என்று ஸ்கேன் சொல்கிறது. அது உடையுமா என்று ரத்தத்தில் பார்க்க முடியாதா?"

அம்மா, இந்தக் கேள்விதான் அவளுடைய படிப்பு. பக்கவாத அறிகுறி வந்தவர்களில் 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு இருந்தால் அறுவை சிகிச்சை பலன் தரும் என்று 1991-இல் வெளிவந்த பெரிய ஆய்வு காட்டியது. ஆனால் குறைவான அடைப்பும் சிலருக்கு உடைகிறது, நிறைய அடைப்பும் சிலருக்கு வருடக்கணக்கில் சும்மா இருக்கிறது. அடைப்பை உண்டாக்கும் கொழுப்புப் படிவின் மேல் மூடி மெலிந்து, உள்ளே அழற்சி இருந்தால் ஆபத்து அதிகம். அதற்கான தடயத்தை ரத்தத்தில் தேடுகிறார்கள். அந்த மூடியை அரிக்கும் எம்எம்பி-9 என்ற நொதி, அழற்சியைக் காட்டும் சிஆர்பி, ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும், பெரும்பாலும் மரபணுவே அளவை முடிவு செய்யும் லிப்போபுரோட்டீன்-ஏ.

இதில் ஒன்றை மட்டும் நம்பி இவருக்கு அறுவை சிகிச்சை வேண்டும், இவருக்கு வேண்டாம் என்று இன்னும் சொல்ல முடியாது. சாதாரணச் சளிக் காய்ச்சலுக்கே சிஆர்பி ஏறிவிடும். எம்எம்பி-9 இன்னும் நுணுக்கம்: ரத்தத்தை உறையவிட்டு, மிஞ்சும் தெளிந்த நீரான சீரத்தை எடுத்தால், உறையும்போதே ரத்த அணுக்கள் அந்த நொதியை வெளியே விட்டு அளவைக் கூட்டிவிடும். அதனால் உறையாமல் வைத்து, ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைச் சீக்கிரம் பிரிக்க வேண்டும். நோயாளிக்கு வரும் எண் சரியா தப்பா என்பது, குழாயைக் கையில் வாங்கியவரின் கவனத்தில் இருக்கிறது. எனக்கு இந்த வேலையின் மேல் பெரிய மரியாதை உண்டு.

உயிர்வேதியியலோ மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பமோ இளநிலையில் படிக்கட்டும். மேல்படிப்புக்கு மருத்துவ உயிர்வேதியியல். கூடவே புள்ளியியலைக் கட்டாயம் கற்க வேண்டும். ரத்தத்தில் தேடும் இப்படியொரு தடயம் ஆபத்தை முன்கூட்டிச் சொல்கிறதா என்பதை அதுதான் நிரூபிக்கும். ஆரம்பச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், மறைக்க மாட்டேன். ஆராய்ச்சிப் படிப்புக்குப் பல இடங்களில் உதவித்தொகை உண்டு.

வீட்டை அடமானம் வைப்பதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். உங்கள் கணவருக்கு மாத்திரையும் பரிசோதனையும் இனி தொடர்ந்து வேண்டும், அந்தப் பணத்தில் கை வைக்காதீர்கள். கடனைக் கட்டப்போவது யோசனை சொன்ன சொந்தக்காரர்கள் இல்லை. நோயாளியைத் தொட்டு வைத்தியம் பார்க்க ஆசை இருக்கிறதா என்று அவளிடமே கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

விண்ணப்பம் போடும் முன் ஒரு வாரம் ஏதாவது ஆய்வகத்தில் கூடவே நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். அங்கே அவளுக்குச் சலிப்புத் தட்டினால் திரும்ப வாருங்கள், வேறு வழி பேசுவோம்.